அப்பா என் காதில் வைத்த போன்

வலிப்பு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது, முழிச்சுப் பாத்தா எல்லாரும் சுத்தி நின்னாங்க" என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. என் வலது கை வெட்டி வெட்டி இழுப்பதை நானே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இது யார் சொல்லி ஆடுகிறது என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அப்புறம்தான் வந்தது.

நான் பட்டாளத்தில் சிப்பாய். கேட்டில் நின்று பாஸ் பார்ப்பது, வண்டியைச் சோதிப்பது, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று கவனிப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்திதான் ஆஸ்பத்திரி நாட்களில் என்னைக் காப்பாற்றியது. என்னைப் போல வேறொருத்தி ஏதோ ஒரு வார்டில் படுத்துக்கொண்டு, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவில் ஊருக்குக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னால், எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன் டியூட்டி அறையில் என்னைப் பாலியல் வன்கொடுமை செய்தான். என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் பிறகு சொல்லிவிட்டேன், அது போதும். அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. அது முடிந்துபோன விஷயம் என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன். உத்தரவு போட்டால் எல்லாம் கேட்கும் என்று பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். ஹவில்தாராக ஓய்வு பெற்று, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். எங்கள் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். ஷிப்டுக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைகிற மனிதர். எனக்குப் பட்டாளத்தில் இடம் கிடைத்த அன்று ஊர் முழுக்க லட்டு கொடுத்தார்.

லீவில் வந்தால், ஊர் வந்து சேர்ந்த தகவலை யூனிட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் காலத்துப் பழக்கம். இப்போது ஒரு மெசேஜ் போட்டால் போதும். அவர் விடவில்லை. ஆபீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி அவரே போன் போட்டார். எடுத்தவன் அவன்தான். ரொம்ப நாள் கழித்து இந்தி பேசக் கிடைத்ததில் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மேலே உள்ளவர்களை அங்கே 'சாப்' என்போம். மூச்சுக்கு மூச்சு சாப் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"சாப் ஒங்கிட்ட ஒரு வார்த்தை பேசணுங்கிறாரு. ஜெய்ஹிந்த் சொல்லு சாமி" என்று போனை என் காதில் வைத்தார்.

நன்றாக ஓய்வெடு, ஒன்றும் கவலைப்படாதே என்று குரல் வந்தது. அவ்வளவுதான். என் கை இழுக்க ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் வலிப்பு என்றால் இரும்பைக் கையில் கொடுப்பார்கள். அடங்கி எழுந்தபோது என் கையில் மாட்டுக்கொட்டகைச் சாவி, பக்கத்து வீட்டு பைக் சாவி, ஒரு களைக்கொத்து. மூக்கில் நசுக்கிய சின்ன வெங்காயம். பெரம்பலூர் ஜில்லாவில் வெங்காயத்துக்குப் பஞ்சமா? இரும்பு வலிப்பை நிறுத்தாது, கையைத்தான் கிழிக்கும் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். பக்கத்தில் கூர்மையாக எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதுமாம்.

அண்ணன் துபாயில் இருக்கிறான். அவன் மனைவி கலா அண்ணிதான் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தார். அம்மாவால் ஆடு மாட்டை விட்டு நகர முடியாது. நாங்கள் கிளம்பும்போது, "வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் கோயில் தொறந்திருக்கும், துன்னூறு வாங்கி அனுப்புறேன்" என்று மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். அண்ணி வாயாடி. ஒரு ஆளைப் பார்த்தால் அவர் தாத்தா ஊர் வரை விசாரிக்காமல் விட மாட்டார். அண்ணனுக்குக் காட்ட அந்த முதல் வலிப்பையே போனில் வீடியோ எடுத்துவைத்திருந்தார்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலிப்பு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஸ்கேன். குழாய் மாதிரி இருக்கும் மிஷினுக்குள் அசையாமல் படுக்க வேண்டும், டமடமவென்று சத்தம் கேட்கும், வலி கிடையாது. மூளையில் கட்டி, தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அடுத்தது ஈ.ஈ.ஜி. தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை அது கோடு கோடாக வரையும். நிஜமான வலிப்பு வரும்போது அந்தக் கோடுகள் தாறுமாறாகத் துள்ளும்.

இதற்கு நடுவில் அப்பா தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். லீவில் இருக்கும் சிப்பாய் முடியாமல் படுத்தால் யூனிட்டுக்குத் தகவல் போக வேண்டும், போகாவிட்டால் சொல்லாமல் தங்கிவிட்டவள் என்று எழுதிவிடுவார்கள். இந்த விதி அவர் ரத்தத்தில் ஊறியது. தினமும் சாப்புக்கு போன் போட்டு, என்ன சாப்பிட்டேன், என்ன டெஸ்ட், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒப்பித்தார். அவனும் தங்கமாகப் பேசினான். லீவை நீட்டித் தருகிறேன் என்றான்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு சாப் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்" என்றார் அப்பா.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஈ.ஈ.ஜி. எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை வந்தது. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே அப்பா, "ஜீ சாப், ஜீ சாப்" என்று பேசிக்கொண்டிருந்தார். கை துள்ளியது, கால் துள்ளியது. ஒயரை அவிழ்த்தபோது டெக்னீஷியனுக்கு சந்தோஷம். வலிப்பு வரும்போதே கோடு கிடைப்பது அபூர்வமாம்.

திருச்சியிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் நரம்பு டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கை கால்தான் வெட்டுது. கோடு வெட்டல. இது கால்-கை வலிப்பு இல்லம்மா. மாத்திரையை நிறுத்திடுங்க. மனநல டாக்டரைப் பாருங்க."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நடிக்கிறாளா சார்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அத்தனை நாளில் எனக்கு அதிகம் வலித்தது. டாக்டர் இல்லை என்றார், நடிப்பு வேறு இது வேறு என்றார், ஆனால் அவருக்கு வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அரியலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அப்பா ஆலைக்குப் பக்கம், ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடலாம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அங்கே படுத்துக்கொண்டு நான் என் வலிப்பை விசாரிக்கத் தொடங்கினேன். கோடு வெட்டவில்லை என்றால், வெட்டியது எது? கேட் டியூட்டிக்காரிக்கு இது விடக்கூடிய கேள்வியா?

அண்ணியின் போனை வாங்கி வீடியோக்களைப் பார்த்தேன். பெரம்பலூரிலும் அவர் எடுத்திருந்தார். முதலில் சாப்பாட்டில் சந்தேகம். பிறகு தூக்கமில்லாததில் சந்தேகம். எதுவும் பொருந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். எல்லா வீடியோவிலும், எங்கோ ஓரத்தில், அப்பா இந்தி பேசிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் இந்தி மொழிதான் காரணமா? பக்கத்துக் கட்டிலில் ஜார்க்கண்டிலிருந்து வந்த சவிதா இருந்தாள். மஞ்சள் காமாலை. புருஷன் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை. சாயங்காலம் அவன் வந்ததும் அப்பாவை அவனோடு பேச வைத்தேன். மழை, கூலி, ரயில் டிக்கெட் என்று இருவரும் இந்தியில் வெளுத்துக் கட்டினார்கள். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பேசாமல் மடியில் கிடந்தது.

இந்தி இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது போனின் மறுமுனையில் இருந்த ஒருவன்தான். உடம்புக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது.

மனநல டாக்டர் ஒரு அம்மா. அவசரமே இல்லாதவர். அண்ணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "எப்பெப்ப வருதுன்னு ஏதாவது கவனிச்சீங்களா?" என்றார். நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். யார் அந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. "அந்த ஆள் பேச்சு வந்தா ஒடம்புக்கு ஏன் ஆகலைன்னு சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. இன்னிக்கே சொல்லணும்னு இல்ல" என்றார். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அழுது முடித்ததும் எனக்கு முதலில் வந்தது கேள்விதான். "எனக்கே தெரியாம என் கைக்கு எப்படி டாக்டர் தெரிஞ்சுது?"

"வூட்ல கரண்டு எக்கச்சக்கமா வந்தா டிரிப்பர் தானா விழுதுல்ல? யாரும் போயி அமுத்துறதில்ல. தாங்க முடியாத ஒண்ணு நடந்தப்ப ஒங்க மூளை அப்படி விழுந்து ஒங்களைக் காப்பாத்திருக்கு. இப்ப அந்த ஆள் பேச்சு வந்தாலே விழுது. கம்பியில ஒண்ணும் கோளாறு இல்ல. நடிப்பும் இல்ல. சரி பண்ணலாம்."

எப்படிச் சரி செய்வது என்றும் சொல்லித் தந்தார். வருகிற மாதிரி இருந்தால் செருப்பைக் கழற்றிக் கால் தரையில் நன்றாகப் பதிய வைக்க வேண்டும். கண்ணில் படுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பாட்டில், சவிதாவின் பச்சை வளையல், டிரிப்ஸ் மாட்டும் கம்பி. இப்போது எங்கே இருக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லித் தருகிற வித்தை அது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வேலை செய்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. ஆனால் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் என் முடிவு, வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுதிவைப்பார்கள். நாள் ஆகிவிட்டதால் புகாருக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதும் என் கையில்தான் இருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த பிறகு என் கையில் எதுவும் இருப்பதாக ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான்.

வார்டுக்குத் திரும்பினால் அப்பா சிரித்த முகத்தோடு நின்றார்.

"சாப் திருச்சிக்கு டியூட்டியா வர்றாராம். ஞாயித்துக்கெழம இங்க வந்து ஒன்னைப் பாக்குறாராம். ஒடம்பு தேறியிருந்தா போகும்போது ஒன்னைக் கூடவே ரயில்ல கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்னுட்டாரு. எனக்கு அலைச்சல் மிச்சம்."

கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னேன். பாட்டில், வளையல், கம்பி, ஜன்னல், அப்பா. அதற்குமேல் முடியவில்லை, இழுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால் அவனோடு ஒரே ரயிலில் உட்கார வேண்டும். வாயைத் திறந்தால், பட்டாளத்தைச் சாமியாகக் கும்பிடுகிற அப்பா என்னை நம்புவாரா, சாப்பை நம்புவாரா?

முதலில் அண்ணியிடம் சொன்னேன். ஆயிரம் கேள்வி கேட்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெந்நி வாங்கியாறேன், தலைக்கு ஊத்திக்கிறியா பாப்பா?"

குளித்தபின் தலையைத் துவட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, "வேலியே பயிரை மேஞ்சிருக்கு. அவனுக்கு இங்க வரவேற்பு வேற கேக்குதா" என்றார். நேராக நர்ஸ் அக்காவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். பூட்ஸில் சிமென்ட் தூசி. கையில் துணிக்கடைப் பை. மறுநாளைக்கு என்று புதுச் சட்டை எடுத்திருந்தார். "சாப்புக்கு மொளகாக் காரம் ஆகாது, கலா. நாட்டுக்கோழியில மெளகு மட்டும் போட்டு வச்சு எடுத்தா" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வெளியில வாங்க" என்றேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நடந்தது, நடந்த இடம், செய்தவன் என்று கேட்டில் ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொன்னேன். அப்படித்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"நம்ம சாப்பா?" என்றார் அப்பா.

"நம்ம சாப் இல்லப்பா. ஒங்க சாப்."

கோபத்தில்தான் சொன்னேன். இன்றைக்கும் அதற்கு வருத்தப்படவில்லை. அப்பா எழுந்தார். புதுச் சட்டை இருந்த பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, படி இறங்கிப் போய்விட்டார். நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி அழுதுகொண்டே படுத்திருந்தேன். சவிதா தன் கட்டிலிலிருந்து வந்து என் காலைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது, நான் அழுவது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நான் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற அண்ணிதான் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வாசல்ல ஒருத்தன் ஆட்டோவுல எறங்குறான். கையில பழப் பை. மாமா அங்கதான் நிக்கிறாரு பாப்பா. எப்ப வந்தாருன்னே தெரியல, டியூட்டி டிரெஸ்ஸோட நிக்கிறாரு. அவன் கையக் குடுக்குறான். மாமா குடுக்கல. என்னமோ சொல்றாரு. சத்தமெல்லாம் போடல. அவன் போனை எடுத்துக் காட்டுறான். மாமா முடியாதுன்னு தலையை ஆட்டுறாரு. அடி ஆத்தி, பழத்தை வாங்கல. அவன் திரும்பிட்டான். ஆட்டோ ஏறிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மேலே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் கட்டில் பக்கத்தில் நின்று, "போயிட்டான்" என்றார். அவர் அவனுக்கு மரியாதை கொடுக்காமல் பேசியது அன்றைக்குத்தான். பிறகு போனைப் பையிலிருந்து எடுத்து, அந்த நம்பரை எப்படித் தடுத்துவைப்பது என்று அண்ணியிடம் கேட்டார்.

புகார் கொடுக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அப்பா அவசரப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. டாக்டர் அம்மா சொன்ன இலவச சட்ட உதவி வக்கீல் வந்து, பட்டாளத்தின் மேலிடத்துக்கு எப்படி எழுதுவது, போலீஸுக்கு எப்படிச் சொல்வது என்று விளக்கினார். என்னை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், விசாரணை முடியும் வரை அவன் எனக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது என்று கேட்டோம். கிடைத்தது. சிகிச்சை விடுப்பும் கிடைத்தது. வலிப்பு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. வாரங்கள் ஆக ஆக இடைவெளி கூடியது. இப்போதும் எப்போதாவது வருகிறது. வந்தால் என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். முன்னைப் போலப் பயமில்லை.

விசாரணைக் குழு திருச்சிக்கு வந்தது. மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சிறுவாச்சூர் வந்ததும் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் உள்ளே இருந்து சொல்லி முடித்து வந்தேன். நடுவில் ஒரு தடவை கை ஆடியது. குழுவில் இருந்த பெண் அதிகாரி தண்ணீர் கொடுத்து, அடங்கும் வரை காத்திருந்தார்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். சாட்சியாகத் தன்னையும் விசாரிக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கூட இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதால் என்னையும் உட்கார வைத்தார்கள்.

முதல் தடவை போனை என் காதில் வைத்தது, கை இழுத்தது, பெரம்பலூரில் தான் பேசப் பேச உள்ளே நான் துடித்தது என்று, தான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் தண்ணீர் குடித்தார். குரல் உடையவில்லை.

குழுவில் ஒருவர் கேட்டார். "உங்கள் மகள் இதை உங்களிடம் சொன்னது ஆஸ்பத்திரியில் அந்தச் சனிக்கிழமைதான். அதற்கு முன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அப்படித்தானே?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழில் சொன்னார். அந்தப் பெண் அதிகாரிதான் அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

"மொத நாள்லேருந்து சொல்லிக்கிட்டுத்தாங்க இருந்தா. எனக்குத்தான் கேக்கல."